நீல நூல்

பென்டில் ஹில் பள்ளியின் உடுப்புக் கடை
செவ்வாயும் வியாழனும் திறக்கும்,
எட்டரையில் இருந்து ஒன்பதேகால் மட்டும்.
என் வேலை ஆறு மணிக்கு.
அரை நாள் சம்பளத்தை விட்டுத்தான் வந்தேன்,
அதையும் ஸ்வெட்டரின் விலையோடு
கூட்டத்தான் வேணும்.

ஷெரில் மேசையில் விரித்தாள்.
கடும் பச்சை, நெஞ்சில் பள்ளியின் பறவை.
ஐம்பத்தேழு டொலர்.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
பெரிய கடையில் பறவை இல்லாத பச்சை
பத்து டொலருக்குக் குவிந்து கிடக்கிறது.

முதியோர் இல்லத்து லோண்டரியில் ஏழு வருஷம்.
எந்தத் தையல் முப்பதாம் தோய்ப்பில் வாய் பிளக்கும்,
எந்தச் சாயம் முதல் தண்ணியிலேயே
சொல்லாமல் கொள்ளாமல் போகும்,
விரலுக்குத் தெரியும்.
ஐம்பத்தேழை உள்பக்கம் திருப்பினேன்.
தோளில் நாடா வைத்து, கையை இரட்டையாய்த் தைத்து,
குறை சொல்ல ஒரு நூல்கூட வெளியே வரவில்லை.
எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாயும் இருந்தது.

மூன்று குளிர், முந்நூறு நாள்:
ஒரு நாளைக்குப் பத்தொன்பது சதம்.
மலிவானது ஐம்பது நாள் தாங்கினால்
ஒரு நாளைக்கு இருபது.
வித்தியாசம் ஒரு சதம்.
ஒரு சதக் குற்றியை இந்த நாடே
எப்பவோ கைவிட்டுவிட்டது.

துணி மூன்று குளிருக்கு நிற்கும்.
பிள்ளை நிற்பானா?
எட்டு வயது நிதுலனுக்குப் பன்னிரண்டாம் அளவு எடுத்தேன்.
கை, விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது.
இரண்டு மடிப்பு மடித்து உள்ளே தைத்தேன்.
பச்சை நூல் வீட்டில் இல்லை,
இருந்தது நீலம்.
பெயர் மட்டும் எழுதவில்லை.
எழுதினால், அவன் வளர்ந்தபின்
விற்கப் போகையில் விலை விழும்.
செந்தூரன் சிரித்தான்: "உடுக்க முதலே விக்கிறாய்."

ஒன்பதாம் நாள் பின்னேரம்
நிதுலன் வெறும் சேட்டோடு வந்தான்.
"எங்க?"
"வெக்கையாய் இருந்தது."
"எங்க?"
"ஒரு மரத்தில."
எந்த மரம் என்று அவனுக்குத் தெரியாது.
தொலைந்த சாமான் கூடையில்
மூன்று தொப்பி, ஒற்றைச் சப்பாத்து,
கடித்த அப்பிளோடு ஒரு சாப்பாட்டுப் பெட்டி.
ஐம்பத்தேழை ஒன்பதால் பிரித்துப் பார்த்தேன்.
பிரிக்காமல் இருந்திருக்கலாம்.

தண்டவாளத்தைக் கடந்து போய்
பத்து டொலரை வாங்கிவந்து
உள்ளே, கொலரில் இருந்து நடு முதுகு வரை
கறுப்பு மையால் பெயர் எழுதினேன்.
அது தொலையவே இல்லை.
பஸ்ஸில் விட்டால் டிரைவர் கொடுத்தான்,
திடலில் விட்டால் ரீச்சர் கொடுத்தா,
ஒருமுறை யாரோ எங்கள் வேலியிலேயே
கொழுவிவிட்டுப் போனார்கள்.
ஆடியில், பள்ளி திரும்பத் திறந்த கிழமை,
நாற்பத்தாறாம் நாள், முழங்கை பிளந்தது.
நாலு நாள் என்னை ஏமாற்றிவிட்டது.

அதே கிழமைதான்,
வீதி கடக்கும் இடத்தில்
எனக்கு முன்னால் ஒரு பொடியன்.
கடும் பச்சை, பறவை.
கை ஓரத்தில் நீல நூல்.
எடுக்க ஆள் வராத உடுப்பெல்லாம்
தவணை முடிய, பழைய உடுப்புக் கொடியில்
ஐந்து டொலருக்குத் தொங்கும் என்று
ஷெரில் எப்பவோ சொன்னது.
தாய் பெற்றோல் நிலையச் சட்டை போட்டிருந்தா,
கண்ணில் இரவு வேலை.
பொடியனை மணிக்கட்டில் பிடித்திருந்தா,
என் தையலுக்கு மேல்.

வாய் வரைக்கும் வந்தது.
விளக்கில் பச்சை மனிதன் எரிந்தான்.
ஐந்தை இருநூற்றுத் தொண்ணூற்றொன்றால் பிரித்தால்
இரண்டு சதம்கூட இல்லை.
அவ கணக்குப் பார்த்திருப்பாவா?
ஒரு மடிப்பை அவிழ்த்துவிட்டிருந்தா,
பொடியன் உயரம்.
மற்றது என்னுடையது,
இன்னும் விடவில்லை.